‘அம்ருதம்’ தொடரில் அமுதமும் சஞ்சீவியும்: சின்னத்திரைச் சிரிப்பின் உட்குறிப்புகள்

இந்த மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், நன்னூல் பற்றியோ வேங்கடத்துக் கல்வெட்டுகள் பற்றியோ எழுதித் தருவேன் என்று நினைத்துத்தான் வந்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளோ, ஜெமினி தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்த ஒரு தெலுங்கு நகைச்சுவைத் தொடர். அறிஞர் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை அடுக்கும்போது முதலில் வைத்தது நகையைத்தான். அழுகையே அதற்கு அடுத்துத்தான் வருகிறது. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்றும் அவர் வகுத்திருக்கிறார். சிரிப்பை ஆராய்வதற்கு அதற்கு மேல் ஒரு சிபாரிசு வேண்டுமா என்ன?

ஆனால் அந்த நான்கைப் படித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரே வசனத்துக்கு ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்கிறார். இருவருக்கும் மொழி தெரியும், காது கேட்கும். அப்படீன்னா வித்தியாசம் எங்கே? செய்யுளியலில் தொல்காப்பியர் ‘கேட்போர்’ என்பதையும் செய்யுளின் ஓர் உறுப்பாக வைத்திருக்கிறார். சொல்பவன் மட்டும் போதாது, கேட்பவனும் செய்யுளில் சேர்த்தி என்பது எவ்வளவு நுட்பமான எண்ணம்! சின்னத்திரைச் சிரிப்பிலும் பாதிப் பங்கு கேட்பவனுடையது. அவனிடம் முன்பே சேர்த்து வைத்த சரக்கு இருந்தால்தான் அந்தப் பாதி நடக்கும்.

நான் சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருப்பவன். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரல் பிடித்து விலை பேசுவதை மூத்த வாசகர்கள் பார்த்திருப்பார்கள். சுற்றி நிற்பவனுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். விலை அந்த இரண்டு கைகளுக்கு இடையில். நகைச்சுவைத் தொடரில் வரும் புராண, நாடக, சினிமாக் குறிப்புகளும் அந்த மாதிரிதான். மேலே தெரியும் வசனம் துண்டு. உள்ளே விரல் என்ன சொல்கிறது என்பதை அந்தச் சமூகத்தோடு வளர்ந்தவன்தான் உணர்வான்.

சங்க இலக்கியத்திலேயே இதற்கு நம் தொண்டை மண்டலத்தைச் சார்ந்த நல்ல சான்று இருக்கிறது. புறநானூறு 95-ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, உன் வேல்கள் எண்ணெய் பூசி, மாலை சூடி, பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அதியமானுடையதோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்கிறார். புகழ்வது போல இருக்கும். அதியமான் ஓயாமல் போர் செய்பவன் என்பது தெரிந்தவனுக்குத்தான் அது குத்தல். தொல்காப்பியர் அங்கதத்தை இரண்டாகப் பிரித்து, வெளிப்படையாகச் சொல்வது ஒன்று, பழியை மறைத்துச் சொல்வது ஒன்று என்றாரே, இது இரண்டாவது வகை. தொண்டைமானுக்கே புரிந்ததோ என்னவோ!

இனித் தொடருக்கு வருவோம். ‘அம்ருதம்’ 2001 நவம்பரில் தொடங்கி 2007 நவம்பர் வரை, முந்நூறுக்கும் மேற்பட்ட பகுதிகள் வந்தது. உருவாக்கியவர் குண்ணம் கங்கராஜு. நாயகன் அம்ருத ராவ் பாத்திரத்தில் சிவாஜி ராஜா, நரேஷ், ஹர்ஷவர்தன் என்று ஆள் மாறினார்களே தவிர, தோழன் ஆஞ்சநேயலுவாகக் குண்டு ஹனுமந்த ராவ் கடைசிவரை இருந்தார். அவர் 2018-இல் காலமானார். 2020 உகாதிக்கு ‘அம்ருதம் த்விதீயம்’ என்று இணையவழித் தொடராக மறுபடி எடுத்தபோது அந்த இடத்துக்கு எல்.பி. ஸ்ரீராம் வந்தார். கதை ரொம்பச் சாதாரணம். இரண்டு நண்பர்கள் ‘அம்ருத விலாஸ்’ என்று ஓட்டல் நடத்துகிறார்கள். அம்ருத ராவ் குறுக்கு வழியில் பணக்காரனாவதற்கு வாரம் ஒரு திட்டம் போடுவான், திட்டம் கவிழும், அடி ஆஞ்சநேயலுவுக்கு விழும். வீட்டுக்காரர் அப்பாஜி, ஓட்டல் ஆள் சர்வம், இரண்டு மனைவிமார்கள் – அவ்வளவுதான் உலகம்.

பெயர்களைக் கவனியுங்கள். நாயகன் அம்ருதம். அவன் மனைவி சஞ்சீவனி. நண்பன் ஆஞ்சநேயலு. பாற்கடலைக் கடைந்து எடுத்தது அமுதம், அது சாகாமல் காப்பது. சஞ்சீவனி செத்தவனை எழுப்புவது. அந்த மூலிகைக்காக மலையையே தூக்கி வந்தவர் ஆஞ்சநேயர். மூன்று பெயரிலும் உயிர் காக்கும் மருந்து இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டலில் சாப்பிடுபவன் கதி என்ன? பெயருக்கும் நடப்புக்கும் உள்ள இந்த முரண்தான் தொடரின் முதல் சிரிப்பு. கதை தொடங்குவதற்கு முன்பே, பெயரைச் சொன்னவுடனே கிடைத்துவிடுகிற சிரிப்பு. இராமன் வேலைக்காக அனுமார் பாரம் சுமந்தார். இங்கே அம்ருத ராவ் செய்யும் குளறுபடிக்கெல்லாம் ஆஞ்சநேயலு சுமக்கிறான். சர்வம் என்பதும் சும்மா வைத்த பெயரன்று என்பது என் துணிபு. ஓட்டலில் பரிமாறுபவரை நாம் ‘சர்வர்’ என்கிறோம்; அவன் ஒருவனே அந்த ஓட்டலுக்குச் சர்வமும்.

இந்த இடத்தில் ஒரு சமணனாக ஒரு சின்னச் செய்தி சொல்லிக்கொள்கிறேன். எங்கள் மரபில் இராம கதை வேறு. விமலசூரி பிராகிருதத்தில் பாடிய பௌமசரியத்தில் இராவணனைக் கொல்பவன் இலக்குவன். அந்த இலக்குவன் போரில் வேல் பட்டு விழும்போது அனுமன் மலையைத் தூக்கி வருவதில்லை. விசல்யை என்னும் இளவரசியை அழைத்து வருகிறார்கள். அவள் வந்ததும் இலக்குவன் உயிர் பிழைக்கிறான், பிறகு அவளையே மணக்கிறான். அதாவது எங்கள் இராமாயணத்தில் சஞ்சீவி என்பது ஒரு பெண். தொடரில் புருஷன் போட்ட திட்டமெல்லாம் கவிழ்ந்து அவன் வீடு வந்து விழும்போது, எழுப்பி உட்கார வைப்பவள் மனைவி சஞ்சீவனிதான். கங்கராஜு பௌமசரியம் படித்து இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பெயரில் ஒரு சிரிப்பு அதிகமாகவே கிடைத்தது. என் சேமிப்பு அப்படி. பாரதிதாசனாரின் ‘சஞ்சீவி பர்வதத்தின் சாரல்’ படித்த தமிழருக்கு இன்னொரு விதமாக இருக்கும்; மலையைத் தூக்கிய கதையையே கேலி செய்து 1930-இல் எழுதிய காவியம் அது.

‘விலாஸ்’ என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. இன்று அது ஓட்டல் பலகையோடு ஒட்டிப்போய்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் ‘விலாசம்’ என்றால் நாடகம். சைதாபுரம் காசி விஸ்வநாத முதலியாரின் ‘டம்பாச்சாரி விலாசம்’ சொத்தையெல்லாம் தாசி வீட்டில் அழித்த ஒரு சென்னைக் கனவானைப் பற்றியது. பார்த்தவர்களுக்கெல்லாம் அது நிஜத்தில் இருந்தவரைக் குறிக்கிறது என்று தெரிந்திருந்ததாம். உட்குறிப்பு வைத்த சமூக நகைச்சுவை நம்மிடம் நேற்றுத் தொடங்கியதில்லை. நம் சித்தூரிலும் ராம விலாச சபை என்ற நாடகக் குழு இருந்தது. வி. நாகையா அந்த மேடையில் நடித்துத்தான் ‘சித்தூர் நாகையா’ ஆனார். பிறந்தது குண்டூர்ப் பக்கம். ஆக, விலாசம் நாடகமாகி, சபையாகி, ஓட்டலாகி, இந்தத் தொடரில் ஓட்டலும் நாடகமும் ஒன்றாகவே ஆகிவிட்டது.

அமுதம் என்பதும் திருப்பதி வாசிகளுக்குப் பக்கத்துச் சொல். வைணவர் வீடுகளில் ரசம் சாற்றமுது, கறி கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதுகிறார்கள். தமிழ் ஒரு எழுத்தும் அறியாத தெலுங்கு பக்தர்களும் அதைக் கேட்டு நிற்கிறார்கள். அப்படி ஊறிய ஊரில் ‘அம்ருத விலாஸ்’ என்ற பலகைக்குக் கீழே ஒரு மோசமான ஓட்டல் என்றால், நகைக்காமல் என்ன செய்வது?

இதுவரை சொன்னதெல்லாம் தமிழருக்கும் தெலுங்கருக்கும் பொதுச் சொத்து. இது ஏன் பொதுவாக இருக்கிறது என்பதற்குக் காரணம் புராணம் மட்டும் அன்று. சென்னை வடபழனியும் ஒரு காரணம். 1957-இல் கே.வி. ரெட்டி இயக்கிய ‘மாயாபஜார்’ தமிழிலும் தெலுங்கிலும் எடுக்கப்பட்டது. கடோத்கசன் இரண்டிலும் எஸ்.வி. ரங்காராவ், சாவித்திரி இரண்டிலும் உண்டு, கிருஷ்ணனும் இரண்டிலும் என்.டி. ராமாராவ்தான். லட்சணகுமாரனோ தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு. கோமாளியை அந்தந்த மொழிக்காரரே செய்ய வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். கல்யாண விருந்தைக் கடோத்கசன் ஒரே ஆளாகத் தின்று தீர்க்கும் காட்சி இரு மொழிக்காரர் மனத்திலும் ஒன்றே. எந்தத் தொடரிலும் ஒருவன் இலையில் உட்கார்ந்து கையைத் தேய்த்தால் போதும், இரண்டு பக்கத்துப் பாட்டிமார்களும் சிரித்துவிடுவார்கள்.

அதே விஜயா நிறுவனத்தார், நாகிரெட்டியும் சக்கரபாணியும், 1947 ஜூலையில் ‘சந்தமாமா’வைத் தெலுங்கிலும் ‘அம்புலிமாமா’வைத் தமிழிலும் தொடங்கினார்கள். அம்ருதம் கூட்டத்தார் 2014-இல் சினிமா எடுத்தபோது நிலாவுக்குப் போய் ஓட்டல் வைப்பதாகக் கதை பண்ணி, ‘சந்தமாமலோ அம்ருதம்’ என்று பெயர் வைத்தார்கள். நிலா என்ற பொருள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பத்திரிகையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய தலைமுறைக்கு மட்டும் இன்னொரு நினைவும் வந்திருக்கும். விக்கிரமன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டு வழியே நடக்கும் அந்தச் சித்திரத்தை வரைந்த சங்கர் தமிழர். தெலுங்குப் பிள்ளைகள் பார்த்ததும் அவர் கைச் சித்திரம்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு வேடிக்கை தென்பட்டது. ஒரே கதை, ஒரே படம், ஒரே அச்சகம். ஆனால் தமிழர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேதாளத்தை: திருந்தாதவனைப் பார்த்து ‘வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது’ என்கிறோம். தெலுங்கர்கள் எடுத்துக்கொண்டது அரசனை: விடாப்பிடியாக முயல்பவனை ‘பட்டு வதலனி விக்ரமார்க்குடு’ என்பார்கள். நமக்குக் குறையைக் காட்டும் கதை, அவர்களுக்குப் பெருமையைக் காட்டும் கதை. 2006-இல் ராஜமௌலி தம் போலீஸ் நாயகனுக்கு ‘விக்ரமார்க்குடு’ என்று தலைப்பு வைத்தார். தெலுங்கருக்கு அந்த ஒரு சொல்லே கதாநாயகனின் குணத்தைச் சொல்லிவிட்டது. அதைத் தமிழில் 2011-இல் எடுத்தபோது ‘சிறுத்தை’ ஆக்கிவிட்டார்கள். நம்மிடம் விக்கிரமாதித்தன் இல்லாமலா? இருக்கிறான். ஆனால் நம் பேச்சில் அவன் அந்த வேலையைச் செய்வதில்லை.

பொதுவானவற்றைச் சொன்னேன். இனி எல்லை தாண்டாதவற்றைச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் புராணம் எல்லை தாண்டும், ஊர்க்கதை தாண்டாது. குரஜாட அப்பாராவின் ‘கன்யாசுல்கம்’ 1892-இல் மேடையேறிய நாடகம். அதில் வரும் கிரீசம் என்ற ஆங்கிலம் கலந்து பேசும் ஏமாற்றுக்காரன், படிக்காத தெலுங்கருக்கும் உறவினன் மாதிரி. தெலுங்குத் தொடரில் ஒருவன் வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு சிறுவனுக்கு உபதேசம் பண்ண ஆரம்பித்தாலே அங்கே கிரீசம் வந்து நின்றுவிடுவான். எவ்வளவு தெலுங்கு பேசினாலும் நம்மவர்களுக்கு அவன் வருவதில்லை. அதேபோல் ‘சூர்யகாந்தம்’. அது நடிகையின் பெயர்; தெலுங்கில் இன்று கொடுமைக்கார மாமியாரைக் குறிக்கும் சொல். அந்த அம்மையார் திரையில் திட்டிய திட்டில், பெண் குழந்தைக்கு அந்தப் பெயர் வைக்கவே தெலுங்கு நாட்டில் பயந்தார்கள் என்பார்கள். மறுபக்கம் ‘அவனுக்கு அல்வா கொடுத்துட்டான்’ என்று நாம் சொன்னால், 1994-இல் வந்த ‘அமைதிப்படை’ பார்க்காத தெலுங்கு நண்பர், ‘இனிப்புதானே, நல்லதுதானே’ என்கிறார். காதில் பூ வைப்பது மட்டும் இரண்டு மொழியிலும் உண்டு. நாமம் போடுவதும் அப்படியே. திருப்பதி க்ஷவரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கீற்று மழித்து, ஆள் ஓடிவிடாதபடி உட்கார வைத்துவிட்டு அடுத்தவர் தலைக்குப் போகும் அந்தச் சாமர்த்தியம், மலையடிவாரத்தில் இரண்டு மொழிக்கும் பொதுவாகப் பிறந்த பழமொழி.

ஊர்க்கதை எல்லை தாண்ட முடியாதபோது என்ன செய்வது என்பதற்கு நான் பார்த்ததிலேயே நேர்த்தியான எடுத்துக்காட்டு சின்னத்திரை சார்ந்ததன்று, சினிமா சார்ந்தது. பொறுத்துக்கொள்ளுங்கள். 1996-இல் கிரேசி மோகன் வசனத்தில், கே.எஸ். ரவிகுமார் இயக்கத்தில் வந்த ‘அவ்வை சண்முகி’. மூலக்கதை ஓர் அமெரிக்கப் படத்துடையது. பெண் வேடத்தில் வந்த கமல்ஹாசனிடம் பெயர் என்ன என்று கேட்கும்போது, தெருப்பலகையில் ‘அவ்வை சண்முகம் சாலை’ என்று இருப்பதைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்வார். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எத்தனை அடுக்கு பாருங்கள். டி.கே. சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்துப் பெயர் பெற்றதால் ‘அவ்வை’ சண்முகம் ஆனவர். ஆண் ஒருவர் கிழவி வேடத்தில் வாழ்ந்து காட்டிய கதை அது. அவருடைய நாடகக் குழுவில்தான் சிறுவன் கமல்ஹாசன் பயின்றார். ஆக, அந்தப் பெயர் தெருப்பலகை பார்த்துச் சொன்ன பொய், குருவுக்கு வணக்கம், பெண் வேடம் கட்டிய ஆண்களின் பரம்பரைக்கு ஒரு தலையசைப்பு, மூன்றும் சேர்ந்தது.

இதைத் தெலுங்குக்குக் கொண்டுபோகும்போது ‘அவ்வை சண்முகி’ என்றே வைத்திருந்தால் நெல்லூரில் யாருக்கு என்ன புரியும்? அவர்கள் வைத்த பெயர் ‘பாமனே சத்யபாமனே’. சித்தேந்திர யோகி செய்த பாமாகலாபம் என்ற கூச்சிப்பூடி நாட்டிய நாடகத்தில் சத்தியபாமை தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு நுழையும் இடத்துச் சொற்கள் அவை. கூச்சிப்பூடியில் அந்தச் சத்தியபாமையாக வழிவழியாக ஆடியவர்கள் ஆண்கள். வேதாந்தம் சத்தியநாராயண சர்மா அதில் தலைசிறந்தவர். சொல்லை மொழிபெயர்க்காமல், அந்தச் சொல் நின்ற இடத்தை மொழிபெயர்த்திருக்கிறார்கள். தமிழில் ஆண் கட்டிய பெண் வேடத்துக்கு எது அடையாளமோ அதை எடுத்துவிட்டு, தெலுங்கில் எது அடையாளமோ அதை வைத்தார்கள். மொழிபெயர்ப்பு பற்றி நான் படித்த பல நூல்களைவிட இந்த ஒரு தலைப்பு எனக்குக் கற்றுக்கொடுத்தது அதிகம். இந்தியில் 1997-இல் ‘சாச்சி 420’ என்று வைத்தார்கள். 420 என்பது மோசடிக்கான இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு. அந்தச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் போய்விட்டது. புதிய சட்டத்தில் மோசடி 318-ஆம் பிரிவு. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து ‘அவன் ஒரு ஃபோர் ட்வென்ட்டி’ என்று யாராவது சொன்னால், அகராதி தேவைப்படும்.

இப்படி அடி நழுவிய சொற்கள் தமிழில் ஏராளம். டம்பாச்சாரி என்று இன்றும் திட்டுகிறோம். விலாசத்தை யார் படித்தார்கள்? ‘அம்மணம்’ என்ற சொல் ஆடை துறந்த எங்கள் அமண முனிவர்களிடமிருந்து வந்தது என்பர் ஆராய்ச்சியாளர். சொல்பவர்களுக்கு அந்த நினைவு துளியும் இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, குறிப்பு செத்துச் சொல் மட்டும் பிழைத்தது என்று குறித்துக்கொள்கிறேன்.

தமிழ்ச் சின்னத்திரையையும் பார்க்க வேண்டும். சன் தொலைக்காட்சியில் வந்த ‘சின்னப் பாப்பா பெரிய பாப்பா’வில் எம்.எஸ். பாஸ்கரின் பட்டாபி, காது மந்தத்தால் சொல்லைத் திரித்துக் கேட்டே சிரிக்க வைத்தார். அது சிலேடை, அதற்குத் தமிழ்ச் சொல் தெரிந்தால் போதும், பழங்கதை தேவையில்லை. விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கி 2003 வாக்கில் தொடங்கிய ‘லொள்ளு சபா’ அதற்கு நேர்மாறு. வாரம் ஒரு தமிழ்ப்படத்தை எடுத்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி கேலி செய்வார்கள். மூலப்படம் பார்க்காதவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை. சந்தானம், சுவாமிநாதன், மனோகர் எல்லாம் என்னதான் குட்டிக்கரணம் போட்டாலும் சிரிப்பு வராது. குறிப்பையே முழு உணவாக்கிய நிகழ்ச்சி அது. 1984-இல் தூர்தர்ஷனில் ‘யே ஜோ ஹை ஜிந்தகி’ என்ற இந்தித் தொடர் வந்தபோது, நம் பக்கத்து வீடுகளில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதை, தொடரில் ஒலிக்கும் சிரிப்புச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் இப்போது நடப்பது அதுதான். 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்து அமைத்த மாவட்டம் சித்தூர். 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது, நாம் இங்கேயே நின்றோம். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. கோடுகள் மாறிக்கொண்டே இருந்தாலும், வீட்டில் தமிழ் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் ஆரணிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் வீட்டம்மாவும், இங்கேயே பிறந்து தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் என் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து யூட்யூபில் பழைய அம்ருதம் பார்க்கிறார்கள். சஞ்சீவனி வந்தால் இருவரும் சிரிக்கிறார்கள். கிரீசம் மாதிரி ஒருவன் வந்தால் பேத்தி மட்டும் சிரிக்கிறாள். பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறாளாம். லொள்ளு சபா போட்டால் பாட்டி சிரிக்கிறாள், பேத்தி போனை எடுத்துக்கொள்கிறாள். ஒரு நாள் பாட்டி எதற்கோ, ‘என்னடீ, உங்க அப்பன் டம்பாச்சாரி மாதிரி செலவு பண்றான்’ என்று சொன்னாள். பேத்தி என்னிடம் வந்து, ‘தாத்தா, டம்பாச்சாரின்னா நம்ம சொந்தக்காரங்களா?’ என்றாள்.

பேத்திக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. பேசுகிறாள், கடைக்குப் போய்ப் பேரம் கூடப் பேசுகிறாள். அவளிடம் துண்டு இருக்கிறது. உள்ளே விரல் பிடிக்கத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. நம் சங்கங்கள் எழுத்துப் பயிற்சி நடத்துகின்றன, திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி நடத்துகின்றன. வேண்டும்தான், நானே பரிசு கொடுத்திருக்கிறேன். ஒப்புவித்த பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாட்டி கேலி செய்தால் விழிக்கிறது. பாட்டுக்குப் பொருள் சொல்கிறோம், பேச்சின் உட்பொருளை யாரும் சொல்வதில்லை. ‘அது தானாக வரும்’ என்று சில பெரியவர்கள் என்னிடம் வாதிட்டார்கள். தமிழ்நாட்டில் தானாக வரும். தெரு முழுக்க அதே சரக்கு இருக்கும். இங்கே தெரு வேறு சரக்கைக் கொடுக்கிறது. அதுவும் நல்ல சரக்குதான், கிரீசமும் சூர்யகாந்தமும் பேத்திக்குக் கிடைத்த லாபம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரவு ஒரு பக்கம் ஏறும்போது இன்னொரு பக்கம் இருப்பு குறைவதைக் கணக்கு எழுதுகிறவன் பார்க்காமல் இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு விடுமுறை. அம்ருதம் ஒரு பகுதி, தமிழ் நகைச்சுவை ஒரு பகுதி. பாட்டி சிரிக்காத இடத்தில் நிறுத்திப் பேத்தி விளக்க வேண்டும். பேத்தி சிரிக்காத இடத்தில் பாட்டி விளக்க வேண்டும். விளக்கிச் சொன்ன நகைச்சுவைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அன்றைக்குச் சிரிப்பு வராது. அடுத்த முறை அதே பெயர் வரும்போது வரும். போன மாதம் சர்வம் பாத்திரம் ஏதோ தட்டைக் கவிழ்த்தபோது பாட்டி, ‘சர்வமும் போச்சு’ என்றாள். பேத்தி பிடித்துக்கொண்டாள், இரண்டு மொழியிலும் அது ஓடும் என்று அவளுக்குத் தெரிந்தது. டம்பாச்சாரி யார் என்பதையும் சொல்லிவிட்டேன். இப்போது அவள் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலே, பாட்டியும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவனுக்குத்தான் இன்னும் ஒன்றும் புரியவில்லை.